கட்டணம் கட்டி மண் தோண்டப் போகலாமா?

இங்கிலாந்தின் வடக்கே, ரோமானியர் எல்லையாகக் கட்டிய ஹேட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள விண்டோலாண்டா ரோமானியக் கோட்டை அகழாய்வில் தன்னார்வலராகச் சேர விரும்பும் சேலத்து வரலாற்று மாணவி ஒருவரின் வீட்டில், காசையும் கொடுத்து மண்ணையும் தோண்டுவார்களா என்று கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான். சேர்வதற்குக் கட்டணம் உண்டு. விமானச் செலவும் தங்குமிடமும் தனி. ஒரே ஆறுதல், பயணத்தின் முதன்மை நோக்கம் அதுவாக இல்லாதவரை, பதிவு பெற்ற அறக்கட்டளையில் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்ய பிரிட்டனின் விசிட்டர் விசாவே போதும்.

பணம் புரட்ட முடிந்தால் போகட்டும் என்பதே என் கருத்து. ரோமானியர் மையால் எழுதிய மரப்பலகைகள் 1973இல் அங்குதான் வெளிப்பட்டன. காற்றுப் புகாத ஈரமண்ணில் தோல் செருப்புகள்கூட மட்காமல் கிடக்கின்றன. ஆனால் அப்படி ஏதும் தன் கையில் சிக்கும் என்று நம்பிப் போகிறவர், பானை ஓடும் எலும்புத் துண்டும் கழுவிக் களைத்துத் திரும்பக்கூடும். போகச் சொல்வதற்குக் காரணம், அங்கே மாணவரே மண்டியிட்டுக் கொத்துக்கரண்டியால் மண்ணைச் சுரண்ட வேண்டும் என்பதுதான். நம் ஊர் அகழாய்வுக் குழிகளில் தோண்டுவதும் மண் சலிப்பதும் பெரும்பாலும் கூலிக்கு வரும் உள்ளூர் மக்கள்; மாணவர் விளிம்பில் நின்று குறிப்பெடுப்பார். (மண் நிறம் மாறுவதை முதலில் கண்டுகொள்ளும் அந்தக் கூலியாட்களின் பெயர் எந்த அறிக்கையில் வருகிறது?)

மண் நிறம் மாறினால் அடுக்கு மாறுகிறது என்று பொருள்; அங்கே கை தானாக நிற்கப் பழக வேண்டும். எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்று எழுதாமல் எடுத்துவிட்டால் வெறும் பொருள் மட்டுமே மிஞ்சும், அதன் வரலாறு தொலைந்துவிடும். சேர்வராயன் மலையில் பிள்ளையாரோடு வைத்துக் கும்பிடப்பட்டுவந்த புதிய கற்காலக் கற்கோடரிகளின் நிலை அதுதான். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த ஆங்கிலேய நிலவியலாளர் புரூஸ் ஃபூட் போன்றவர்கள் அவற்றைக் கண்டறிவதற்கு வெகுகாலம் முன்பே அவை கிடந்த இடத்தை விட்டுப் பெயர்ந்திருந்தன. மேட்டூர்ப் பக்கத்து மாங்காட்டு இரும்பின் காலத்தைத் தமிழகத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் கி.மு. 1604–1416 என வெளியிட்டது. அதைப் பெருமையோடு பகிர்ந்த நம்மில் எத்தனை பேர், அந்த இரும்பு எதனோடு கிடைத்தது என்று கேட்டோம்?

ஆகவே அந்த மாணவி போவதற்கு முன் மாங்காட்டையும் ஏற்காட்டையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அவரோடு படிக்கும், பாஸ்போர்ட் எடுக்கவே யோசிக்கும் பிள்ளைகளுக்கோ, இங்கே அடுத்த குழி போடும்போது கூலியாட்களைக் குறைக்காமலேயே இரண்டு வாரம் கரண்டி பிடிக்க இடம் தந்தால் போதும். அதற்கு விசா தேவையில்லை, துறையின் ஓர் உத்தரவு தேவை.