தீர்ப்பு நகலைக் காட்டி வாடகை வீடு பிடிக்க முடியாது

திண்டுக்கல்லிலிருந்து பாலக்காட்டுக்கு வேலை மாறிப் போகிறேன், கூடவே நாயும் வருகிறது, வீடு தெரிந்தால் சொல்லுங்கள் என்று இங்கே எழுதியதும் உள்பெட்டிக்கு வந்தது வீடு அல்ல, கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு. ஆளாளுக்கு அதே பிடிஎஃப். "இதைக் காட்டுங்க, யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க" என்று ஒரு வரியும் கூடவே. அன்புக்கு நன்றி. ஆனால் அனுப்பியவர்களில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

2021 நவம்பரில் வந்த தீர்ப்பு அது. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட்டு எழுதி வைக்கும் விதிகள் செல்லாது, தடை செய்து பலகை மாட்டுவதும் கூடாது என்று சொல்கிறது. அதற்கு முன்பே 2015இல் இந்திய விலங்குகள் நல வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. சங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகக் கையைத் தூக்கினாலும் நாய் வளர்க்கத் தடை விதிக்க முடியாது என்று அதில் இருக்கிறது. லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாது என்று சொல்லவும் முடியாது. எல்லாம் நல்ல விஷயங்கள்தான். அடுக்குமாடியில் வீடு பார்ப்பவர்கள் இரண்டையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் உதவும்.

ஆனால் இரண்டுமே சங்கத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. தன் வீட்டில் யாரைக் குடிவைப்பது என்று யோசிக்கிற தனி வீட்டு ஓனர் எந்த விதியும் எழுதத் தேவையில்லை, பலகையும் மாட்டத் தேவையில்லை. "வீடு மச்சினனுக்குப் பேசி வெச்சிருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பீர்கள்? தெரியாத ஊரில், அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டிய நிலையில், அந்த மனிதரிடம் போய்த் தீர்ப்பை நீட்டினால், குடிவருவதற்கு முன்பே கேஸ் பேசுகிற ஆள் என்று பெயர் வாங்குவதுதான் மிச்சம்.

என் கட்சி இதுதான்: இது பேரம். எதிரில் இருப்பவருக்கு எதில் பயம் என்று தெரியாமல் பேரம் பேச முடியாது. நாய் வளர்க்கிற நாம் பெரும்பாலும் அதைக் கேட்பதே இல்லை. "எங்க பையன் ரொம்ப சமத்துங்க, ஒண்ணும் பண்ண மாட்டான்" என்று ஆரம்பித்து விடுகிறோம். அவருக்கு அவன் பையன் இல்லை, நாய்.

பாலக்காட்டுப் பக்கம் வீடு பார்க்கப் போனபோது நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பழைய வீடுகளில் முதல் பயம் கதவு. தேக்கு அல்லது பலா மரக் கதவு, அப்பா காலத்தில் போட்டது, வருஷா வருஷம் வார்னிஷ் அடித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். தனியாக விட்டுப்போன நாய் ஒரு மதியத்தில் அதைப் பிறாண்டி வைத்தால், அதே மரத்தில் மாற்றுக் கதவு போட எவ்வளவு ஆகும் என்று ஆசாரியிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்தது சிவப்பு ஆக்சைடு போட்ட தரை. மூத்திரம் தேங்கினால் கறை பிடிக்கும், அப்புறம் அந்தப் பளபளப்பு வராது. அப்புறம் கிணறு. அந்தப் பக்கம் நிறைய வீடுகளில் குடிக்க, சமைக்க எல்லாமே முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். கிணற்றைச் சுற்றி நாய் அசிங்கம் பண்ணும் என்று ஒருவர் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை. துளசித்தறை (நம் ஊர்த் துளசி மாடம்) இருக்கிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். ஆண் நாய்க்கு முற்றத்தின் நடுவே உயரமாக ஒன்று நிற்பதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று நமக்குத் தெரியும், அந்த வீட்டு அம்மாவுக்கும் தெரியும். (குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த ஆண் நாய் இந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதைச் சொல்லி ஒரு வீட்டில் பாதி வழி வரைக்கும் கொண்டுவந்தேன்.)

பயம் வேறு, கொள்கை வேறு. புதுநகரம் பக்கம் ஒரு ராவுத்தர் வீட்டில் பெரியவர் நேராகவே சொன்னார்: "பூனைன்னா பத்து வெச்சுக்கம்மா. நாய் மட்டும் வேண்டாம், தொழுகை நடக்கிற வீடு." இரண்டு நிமிடத்தில் முடிந்தது பேச்சு, டீ குடித்துவிட்டு வந்தோம். கல்பாத்தி அக்ரஹாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும், ஒரு வீட்டில் குரைத்தால் தெருவே எழுந்து உட்காரும், அதனால் அங்கே நான் கேட்கவே இல்லை. இப்படிக் காரணத்தோடு வருகிற மறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது, எல்லாம் பேசி முடித்து, அட்வான்ஸ் தொகை வரைக்கும் வந்தபிறகு, "பட்டி உண்டோ? எங்கில் சரியாவில்ல" (நாய் இருக்கா? அப்படின்னா சரிப்படாது) என்று போனை வைப்பது. அதற்குத்தான் இப்போதெல்லாம் முதல் வாக்கியத்திலேயே நாயைச் சொல்லிவிடுகிறேன். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கும் முன்னால்.

கேரளத்தில் இந்தப் பயத்துக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 2022இல் அங்கே ரேபிஸ் சாவுகள் தொடர்ந்து செய்தியில் வந்து, அரசே நாய்களுக்குத் தடுப்பூசி போடப் பெரிய இயக்கம் நடத்த வேண்டி வந்தது. அதைப் பார்த்த ஊரில், "தெரு நாய் வேற, வீட்டு நாய் வேற" என்று நாம் பாடம் எடுத்தால் எடுபடாது. தடுப்பூசிப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். எந்தத் தேதியில் போட்டது, அடுத்தது எப்போது என்று கால்நடை மருத்துவரின் கையெழுத்தோடு இருக்கும். ஓனர்கள் அதை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நம் வாய் ஜாலத்தைவிட அது அதிகம் பேசும்.

உரிமமும் அப்படித்தான். 2021இல் விழிஞ்ஞம் பக்கம் அடிமலத்துறைக் கடற்கரையில் ஒரு லாப்ரடார் நாயை அடித்துக் கொன்றார்கள், நினைவிருக்கலாம். உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. வளர்ப்பு நாய்களை உள்ளாட்சியில் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும் என்பதை நடைமுறைப்படுத்தச் சொன்னதும் அந்த வழக்கில்தான். நம் ஊரில் பெரும்பாலோர் இதைக் கண்டுகொள்வதில்லை. அங்கே குடிபோனதும் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ தடுப்பூசிச் சான்றோடு விண்ணப்பித்து விடுவேன் என்று ஓனரிடம் சொல்லுங்கள். நாளைக்குப் பக்கத்து வீட்டார் புகார் சொன்னால் தன் தலையில் விழாது என்று அவருக்கு ஒரு தெம்பு வரும்.

இப்போது புரோக்கர்கள். எனக்கு வாய்த்தவர் நல்ல மனிதர், ஆனால் யோசனை ஒன்றுதான்: "நாயைப் பத்தி இப்ப வாயே திறக்காதீங்க மேடம். சாவி கைக்கு வரட்டும், ராத்திரியோட ராத்திரியா கொண்டு வந்துடுங்க." இந்த யோசனையைக் கேட்டு நடந்தவர்கள் எனக்கு முன்னால் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். கஞ்சிக்கோடு பக்கம் அது நன்றாகவே தெரிந்தது. தொழிற்பேட்டை இருக்கிறது, ஐஐடி இருக்கிறது, ஒரு வருஷம் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகிற இளைஞர்கள் அதிகம். ஓனர்கள் சொல்கிற கதை ஏறக்குறைய ஒன்றுதான். பசங்க சொல்லாமல் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள், ஷிஃப்டுக்குப் போகும்போது உள்ளே பூட்டிவிட்டுப் போனார்கள், அது நாள் முழுக்க அழுதது, மெத்தை, கொசுவலைக் கதவு எல்லாம் போனது. கடைசியில் வேலை மாறியதும் பசங்க போய்விட்டார்கள், நாய் தெருவில். அந்த நாய்க்குச் சோறு போட்டது ஓனர் வீட்டு அம்மா. இதற்கப்புறம் அவர்கள் "நாய் வேண்டாம்" என்று சொன்னால் நான் என்ன வாதாடுவது? நமக்குக் கதவைச் சாத்தியதில் நம்மவர்களுக்கும் பங்கு இருக்கிறது. பிராணிப் பிரியர்கள் குழுக்களில் இதை எழுதினால் அடிக்க வருவார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

சரி, எங்கேதான் தேடுவது? புரோக்கரிடமும் ஆப்பிலும் கிடைக்காதது மிருகாசுபத்திரியில் கிடைத்தது. அங்கே கால்நடை ஆஸ்பத்திரியை அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் செவலைக்கு (சிப்பிப்பாறை கலந்த நாட்டு நாய், நிறத்தை வைத்துப் பெயர்) வருடாந்திர ஊசி போட வேண்டியிருந்தது. அதைத் திண்டுக்கல்லில் போடாமல், வீடு பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போய் அங்கேயே போட்டோம். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வாடகை வீட்டுக்காரர்கள். எந்த ஓனர் ஒத்துக்கொள்வார், எந்தத் தெருவில் சண்டை வரும், யார் காலி பண்ணப் போகிறார்கள் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நாய்த்தீவனம் விற்கிற கடையிலும் இதே போலக் கேட்கலாம். புது ஊரில் நாயோடு இறங்கப் போகிறவர்கள் வீட்டுத் தரகரைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இரண்டு இடத்துக்கும் ஒரு நடை போய்வந்து விடுங்கள்.

அந்த வரிசையில் பின்னால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர்தான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போய்ப் பாருங்கள் என்றார். சித்தூர் தாலுகாவின் அந்த எல்லையோரம் முழுக்கத் தமிழ் பேசுகிற ஊர்கள்தான். கஞ்சிக்கோட்டில் வேலை என்றால் தினமும் கொஞ்சம் கூடுதலாகப் பைக் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். நகரத்தை விட்டு வெளியே வந்ததும் ஓனர்களின் கேள்விகளே மாறிவிட்டன. கதவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வீட்டு அம்மா செவலையின் நீளக் காலையும் ஒட்டின வயிற்றையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கோழியப் புடிக்குமாங்க அம்மணி?"

பிடிக்கும். முயல் பிடிக்க வளர்த்த சாதியின் ரத்தம், கோழியை விட்டுவைக்குமா? பிடிக்காது என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாவே சிரித்திருப்பார். "பிடிக்குங்கம்மா, கோழி அடையிற வரைக்கும் சங்கிலியிலதான் வெச்சிருப்பேன்" என்றேன். "அப்ப சரி. ஒரு கோழி போனா ஒரு கோழி காசு, அதையும் எழுதிப் போடுங்க" என்றார். எழுதினோம். எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் கோழிக்கு ஒரு ஷரத்து இருக்கிறது.

நான் இவ்வளவு நேரம் சொல்லவந்தது அந்த ஷரத்தைத்தான். 11 மாத ஒப்பந்தம் என்று எல்லோரும் ஒரே மாதிரி அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடுகிறோம் (ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும், 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டம், அதனால்தான் இந்த 11). அதில் மின்கட்டணம் இருக்கும், வெள்ளையடிக்கிற காசு இருக்கும், நாய் இருக்காது. நாய் எழுத்தில் இல்லாத வரைக்கும் அது ஓனரின் தயவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் முகம் சுளித்தால் போதும், "நாயை அனுப்பிடுங்க, இல்லேன்னா காலி பண்ணுங்க" என்பார். அதனால் நாயின் பெயர், வயது, தடுப்பூசித் தேதி, எத்தனை பிராணிகள் என்பதை எழுதுங்கள். கதவோ வலையோ பழுதானால் சரி செய்யும் செலவு நம்முடையது என்று எழுதுங்கள். அதே தாளில், புகார் வந்தால் முதலில் சொல்லித் திருத்திக்கொள்ள அவகாசம், அப்படியும் சரியாகவில்லை என்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள். குடிபோகிற அன்றைக்கே கதவு, ஜன்னல், தரை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள். பழைய கீறலுக்கு நம் நாய் பழி சுமக்க வேண்டாம்.

காசு விஷயத்தில் ஒன்று. நாய்க்காகத் தனி அட்வான்ஸ் கேட்டால் நான் ஒத்துக்கொள்வேன், திருப்பித் தருகிற பணம், சேதம் இருந்தால் கழித்துக்கொள்ளட்டும். மாதா மாதம் நாய்க்கு என்று வாடகையில் கூட்டிக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது மாதா மாதம் ஒரு கதவைத் தின்பதில்லை.

கடைசியாக, எல்லா "சரி"யும் சரி அல்ல. வீடு கிடைக்காத அலுப்பில் இருக்கும்போது, "நாயை மொட்டைமாடியில கட்டிக்கோங்க, உள்ள மட்டும் விடாதீங்க" என்று ஒருவர் சொன்னால், தெய்வம் போலத் தெரிவார். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சூடேறிய தளத்தில், நாம் ஆபீஸிலிருந்து வரும்வரை ஒரு நாய் எப்படி இருக்கும்? மலையடிவாரத்தில் தோணி, அகத்தேத்தறைப் பக்கம் வாடகை குறைவு, காற்றும் ஜோர், "வெளியில கூண்டு வெச்சுக்கலாம்" என்பார்கள். 2022 ஜனவரியில் அங்கே உம்மினியில் ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் சிறுத்தை குட்டி போட்டிருந்தது. சிறுத்தைக்குக் கட்டிப்போட்ட நாயைவிடச் சுலபமான இரை கிடையாது. ராத்திரியில் நாய் வீட்டுக்குள் படுக்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.