அடிக்கல்லுக்கு முதல் ஒரு மாரி

வன்னியில் தேசிய மட்டப் பயிற்சி வளாகம் ஒன்று வேண்டும் என்று கதை எழும்பினால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை பேர் இருந்து பார்க்கலாம்?" பயிற்சி வளாகத்துக்குப் பார்வையாளர் அரங்கே தேவையில்லை. ஒரு பக்கம் மண் அணைகட்டிப் புல்லு நட்டால் ஆயிரம் பேர் குந்தியிருந்து பார்ப்பார்கள். அந்தக் கொங்கிறீற்றுக் காசில் பத்து வருடத்துக்குப் பயிற்றுநர் சம்பளம் கொடுக்கலாம்.

என் கருத்து இதுதான். காணி எதுவென்று முடிவான பிறகு, ஒரு மாரியும் ஒரு சோளகமும் (கோடைத் தென்மேற்குக் காற்றும்) அந்தக் காணியில் என்ன செய்கின்றன என்று பார்க்காமல் வரைபடம் கீறக்கூடாது. அடிக்கல் ஒரு வருடம் பிந்தட்டும்.

மண்ணில் இருந்து தொடங்குவோம். முருங்கன் பக்கத்துக் களி காங்கேசன்துறைச் சீமெந்துக்குப் போன களி. சீமெந்துக்கு நல்லது, ஓடுபாதைக்கு எமன். மாரியில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மேலே எவ்வளவு விலையான றப்பரை விரித்தாலும் இரண்டாம் வருடம் அலை அலையாக நிற்கும். மாங்குளம், கிளிநொச்சிப் பக்கத்து மேட்டு நிலங்களில் கிரவல் கலந்த செம்மண் கிடைக்கும். அது போதும். ஆனால் அதே காணியின் தாழ்ந்த பக்கம் வயலோடு முட்டினால் கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் காலடிக்கே வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை. பத்து இடத்தில் இரண்டு மீற்றர் ஆழத்துக்குத் துளை போட்டு, ஓட்டை வைத்த பிவிசி குழாயை இறக்கி, ஐப்பசி தொடக்கம் தை வரை கிழமைக்கு ஒருக்கா அளவு கோல் விட்டுக் குறிக்க வேண்டும். யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. மாணவர் ஆய்வாகவே செய்விக்கலாம்.

இன்னொன்று, கண்ணிவெடி அகற்றிய சான்றிதழ். "கிளியர்" என்று ஒரு சொல் இருந்தால் போதாது. எந்த ஆழம் வரை தேடினார்கள் என்று அதில் பாருங்கள். மேல் மண்ணுக்குத் தேடிய காணியில் நீச்சல் தடாகத்துக்கு மூன்று மீற்றர் தோண்டுவது வேறு வேலை. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் பெக்கோ காணிக்குள் இறங்க முதல்.

400 மீற்றர் ஓடுபாதைக்குச் சர்வதேச நியம அளவு ஒன்று உண்டு. நேர்ப்பகுதி 84.39 மீற்றர், வளைவின் ஆரை 36.50, ஒரு தடம் 1.22 மீற்றர். எட்டுத் தடமும் சேர்ந்து 9.76 மீற்றர் அகலம். குறுக்குச் சரிவு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது, அதாவது வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு ஏறத்தாழ பத்துச் சென்ரிமீற்றர் இறக்கம்தான். நாலாயிரம் சதுர மீற்றருக்கு மேற்பட்ட பரப்பு, இந்தச் சின்னச் சரிவில் உள்பக்கக் கானுக்கு வடிகிறது. கார்த்திகையில் ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் கொட்டினால் ஓடுபாதையில் மட்டும் இரண்டு இலட்சம் லீற்றர். ஒப்பந்தகாரர் செலவு மிச்சம் பிடிப்பது இந்தக் கானில்தான். மூடியைக் கழற்றிச் சருகு அள்ள முடியாத கான் என்றால் இரண்டு மாரிக்குத்தான் தாங்கும்.

றப்பருக்குக் கீழே போடுகிற தாரின் மட்டத்தையும் சும்மா கண்ணால் பார்த்துப் பாரமெடுக்கக் கூடாது. முடிந்த மேற்பரப்பில் நாலு மீற்றர் நேர்ச்சட்டம் வைத்தால் கீழே ஆறு மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது, ஒரு மீற்றர் சட்டத்தில் மூன்று. மேலே வருகிற றப்பர் படையே பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீற்றர்தான். தாரில் உள்ள பள்ளத்தை அதால் நிரப்ப முடியாது. அப்படி நிரப்பினால் ஒரு இடம் மெத்தை, ஒரு இடம் கல்லு. முழங்கால் போவது அங்கேதான்.

எப்போது விரிப்பது? ஐப்பசி தொடக்கம் தை வரை முடியாது, ஈரம் பட்டால் பொலியூரித்தேன் கொப்புளிக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை மழை இல்லை, சரி என்று தோன்றும். ஆனால் சோளகம் புழுதியை அள்ளிக் கொண்டுவந்து காயாத பசையில் அப்பிவிடும். ஆகவே தாரைக் கோடையில் போட்டு, ஒரு மாரியை அதற்கு மேல் பெய்ய விட்டு, எங்கெங்கே தண்ணீர் தேங்குகிறது என்று சோக்கால் வட்டம் போட்டுத் திருத்தி, மாசி பங்குனியில் றப்பர் விரிக்க வேண்டும். திறப்பு விழாத் திகதியை முதலே குறித்துவிட்டு வேலை தொடங்குகிற பழக்கத்துக்கு இது ஒத்துவராது, தெரியும்.

கோரையை மறக்காதீர்கள். வயல் கரைக் காணியில் கோரைக் கிழங்கை விட்டுவிட்டு மேலே கிரவலும் தாரும் போட்டால் அது துளைத்துக்கொண்டு வெளியே வரும். மேல் மண் ஒரு அடியைக் கிழங்கோடு வழித்து அள்ளி, காணிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அந்த மண்ணையே திரும்பப் பரப்பி மட்டம் எடுத்தால் கதை முடிந்தது.

காற்று. வெயில் கண்ணில் குத்தாமல் ஓடுபாதையை வடக்குத் தெற்காக வைப்பது வழமை, அது சரி. ஆனால் கோலூன்றிப் பாய்தலுக்கு அதைவிட முக்கியம் முதுகுக் காற்று. கோடையில் சோளகம் தென்மேற்கிலிருந்து, மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து. கோலோடு ஓடி வருகிற பாதையை அந்தத் திசைக்குச் சாய்த்து, இரண்டு அந்தத்திலும் கோல் குத்தும் பெட்டி வைத்தால் வருடம் முழுக்கப் பாயலாம். வடக்கில் இந்த விளையாட்டுக்கு வேர் இருக்கிறது. பெண்கள் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை முறியடித்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் இருந்து வந்தவர். உயரம் பாய்தலில் 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டில் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆகவே பாய்தலும் எறிதலும்தான் இந்த வளாகத்தின் முதல் பிள்ளைகளாக இருக்க வேண்டும். தேசிய வீரர்களில் பெரும்பகுதி முப்படை, பொலிஸ் அணிகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு ஓடுபாதைகள் உண்டு. இன்னொரு ஓடுபாதைக்காக யாரும் ஏ-9 வழியே இவ்வளவு தூரம் வரமாட்டார்கள். இரண்டு பக்கமும் பாயக்கூடிய மேடை, எந்த நேரமும் ஈட்டி எறியத் தனி வெளி, நல்ல பயிற்றுநர் என்றால் வருவார்கள். ஈட்டிக்குத் தனி வெளி என்று அழுத்திச் சொல்கிறேன். உதைபந்தாட்டப் பிள்ளைகள் நிற்கிற புல்லில் ஈட்டி விழக்கூடாது.

இனித் தண்ணீர். வயலுக்குப் பாய்கிற இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை கதைத்தாலே கமக்கார அமைப்புகள் எழும்பி நிற்கிற ஊர் இது. நிற்பதற்கு நியாயமும் உண்டு. கணக்கைப் பாருங்கள். 105க்கு 68 மீற்றர் புல்வெளிக்குக் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 36,000 லீற்றர். விடுதியில் 120 பேர், ஆளுக்கு 150 லீற்றர், அது 18,000. ஐம்பது மீற்றர் தடாகம், இரண்டு மீற்றர் ஆழம், நிரப்பவே 25 இலட்சம் லீற்றர். சோளகத்தில் நாளுக்கு 6 மில்லிமீற்றர் ஆவியானாலும் 7,500 லீற்றர் போகும், வடிகட்டி கழுவுகிற தண்ணீர் தனி. எல்லாம் சேர்த்து நாளுக்கு அறுபதினாயிரம் லீற்றருக்கு மேல். ஐந்து மாதக் கோடைக்கு இது ஏறத்தாழ இரண்டு ஏக்கர் சிறுபோக நெல்லு குடிக்கிற தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் ஆவணி மாதத்தில் பக்கத்து வீட்டுக் கிணறு சேறாகிப் பவுசரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேலிக்கு அங்கால் தண்ணீர் விசிறியடிப்பதைக் காணும் சனத்துக்கு இந்தக் கணக்கை யார் சொல்லி விளங்கப்படுத்துவது?

ஆகவே முதல் கட்டத்தில் ஐம்பது மீற்றர் தடாகம் வேண்டாம். 25 மீற்றரில் ஆறு தடம், சராசரி 1.3 மீற்றர் ஆழம், ஐந்து இலட்சம் லீற்றருக்குள் முடியும். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க அதுதான் பொருத்தம். ஆழம் கூடினால் பழக்க முடியாது. வன்னிக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வடிகட்டியையும் குழாயையும் அடைத்துவிடும் என்பதால் கடினத்தன்மையைச் சோதிக்காமல் இயந்திரம் வாங்கக்கூடாது. உள்ளரங்கின் கூரை 60க்கு 40 மீற்றர் என்றால் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழையில் 24 இலட்சம் லீற்றர் பிடிக்கலாம். அதற்கு ஒரு குட்டை வெட்டி, அடியில் தண்ணீர் ஊறாத விரிப்புப் போட வேண்டும். விடுதியின் குளியல் தண்ணீர் புல்லுக்குப் போக வேண்டும். குழாய் பதிக்கிற நாளிலேயே இதைப் பிரித்துவிட வேண்டும், பிறகு தரையை உடைத்து யாரும் செய்யப்போவதில்லை.

ஊர்ச்சனமும் தேசிய வீரரும் முட்டிக்கொள்வது நேரத்தில். இந்த வெயிலில் பயிற்சி என்றால் காலை ஐந்தரை தொடக்கம் எட்டரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு. வயலுக்குப் போகிறவருக்கும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கும் ஓய்வான நேரமும் அதுவே. "மிச்ச நேரம் ஊருக்கு" என்று எழுதினால் மத்தியானம் பன்னிரண்டு மணி கிடைக்கும். மத்தியானம் அந்தச் சிவப்பு றப்பரில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். ஒரே வழி, வேலிக்கு வெளியே இரண்டரை மீற்றர் அகலத்தில் ஒரு கிலோமீற்றர் கிரவல் நடைபாதை, மருதும் வேம்பும் நட்டு. பக்கத்தில் ஆறு தடப் புல் ஓடுபாதை, இரண்டு கரப்பந்தாட்டத் திடல், விளக்கோடு. இவை எந்த நேரமும் ஊருக்கு. செயற்கை ஓடுபாதை கிழமையில் மூன்று பின்னேரம் பாடசாலை அணிகளுக்கு, பயிற்றுநர் கையெழுத்தோடு.

தை மாசியில் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும். வளாகத்தின் உண்மையான சோதனை அன்றைக்குத்தான். இல்ல அலங்காரத்துக்கு அலவாங்கால் குழி தோண்டிக் கம்பு நடுவார்கள். கதிரை ஏற்றிய உழவு இயந்திரம் ஓடுபாதையைக் குறுக்கறுக்கும். கோடு மங்கலாக இருக்கிறதென்று ஒருவர் சுண்ணாம்புச் சட்டியோடு வருவார். பிள்ளைகளையோ ஆசிரியர்களையோ குறை சொல்லிப் பயனில்லை, மண் மைதானத்தில் அப்படித்தான் செய்வது. ஆகவே ஓடுபாதைக்கு வெளியே நாலு இல்லத்துக்கும் நாலு இடம் ஒதுக்கி, கம்பு செருக இரும்புக் குழாயை முதலே கொங்கிறீற்றில் புதைத்து விடுங்கள். வாகனத்துக்கு ஒரே ஒரு கடவை, கனமான றப்பர்ப் பலகை போட்டு. கூடாரத்துக்கு ஆணி இல்லை, தண்ணீர் நிரப்பிய பரல். "தடை" என்று பலகை எழுதுவதை விட இது மலிவு.

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுக்கு இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் இல்லை. காரணத்தை விளக்கத் தேவையில்லை. செலவும் பெரிதல்ல. இருந்தபடி எறிகிறவரின் இருக்கையைக் கட்ட நாலு பக்கமும் கொளுக்கி புதைத்த கொங்கிறீற்று வட்டம் இரண்டு (இருக்கை உயரம் மெத்தையோடு 75 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது), எல்லா வாசலுக்கும் ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு, சக்கர நாற்காலி திரும்பக்கூடிய மலசலகூடம். அந்த மலசலகூடம் ஓடுபாதைப் பக்கம் இருக்க வேண்டும், நிர்வாகக் கட்டடத்துக்குப் பின்னால் அல்ல. பெரும்பாலான வரைபடங்களில் அது பின்னால்தான் இருக்கும்.

கடைசியாகக் காசு. கட்டிக் கொடுக்கிறவர்கள் இருப்பார்கள், புல்லு வெட்டக் கொடுக்கிறவர்கள் இருக்கமாட்டார்கள். இரண்டாம் வருடத்து மின்கட்டணம், குளோரின், பம்பு திருத்தம், மைதானப் பராமரிப்பாளர் நாலு பேர், இரவுக் காவலாளி இரண்டு பேர், இது எந்தத் தலைப்பில் எந்த அமைச்சால் வரும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்கக்கூடாது. கட்டாக்காலி மாடு ஒரு இரவு உள்ளே வந்தால் போதும், பன்றி வந்தால் புல்லை உழுதுவிட்டுப் போகும், ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் யானையும் கணக்கில் வரும். கோலூன்றிப் பாய்தல் மெத்தை ஆறுக்கு ஆறு மீற்றர், வளாகத்தில் விலை கூடிய சாமான்களில் ஒன்று. மழைக்கு மேலே படங்கு போட்டு மூடினால் உள்ளே எலி குடியிருக்கும், பஞ்சு ஊறி ஒரே மாரியில் நாறும். அதற்குத் தண்டவாளத்தில் உருண்டு வந்து மூடுகிற தகரக் கொட்டகை வேண்டும், மெத்தை தரையில் படாமல் பலகைச் சட்டத்தில் இருக்க வேண்டும். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் மதிப்பீட்டை மேசையில் வைத்தால், அந்தக் கொட்டகை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.