90 நிமிடத்துக்குள் இந்தியன் ஓஷன்

இந்தியன் ஓஷன் இசைக்குழுவின் சிறந்த பாட்டுகள் என்று சித்தி மகன் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். திறந்து பார்த்தால், முதல் ஆல்பத்திலிருந்து கடைசி ஆல்பம் வரை அநேகமாக எல்லாமே அதில் இருந்தன. இதற்குப் பெயர் தொகுப்பு இல்லை, அலமாரியை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறாய் என்று பதில் போட்டேன். பையனுக்குக் கோபம். "எல்லாமே பிடித்திருக்கிறது அண்ணா, எதை எடுப்பது?" என்கிறான். அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் தேடுவதுதானே வேலை!

கைபேசியில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் வந்த வினை இது. கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பாட்டுத் தேர்வைக் கற்றுக்கொண்டது பொள்ளாச்சியின் ரெக்கார்டிங் கடைகளில். கோடு போட்ட தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு, பஸ் ஏறி, கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போவோம். ஏ பக்கம் இளையராஜா, பி பக்கம் யேசுதாஸின் மலையாளப் பாட்டுகள் என்பது எங்கள் ஊர் வழக்கம். கடைக்காரர் பேனாவை எடுத்துப் பாட்டுக்குப் பாட்டு நிமிடக் கணக்குப் போடுவார். 90 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 45. அதற்கு மேல் ஒரு பல்லவிகூட ஏறாது. "தம்பி, இந்தப் பக்கம் ஒரு பாட்டு அதிகம். எதை எடுக்கட்டும்?" என்று தலை நிமிர்ந்து பார்ப்பார். பின்னால் ஆள் நிற்பார்கள். அங்கேயே முடிவு செய்தாக வேண்டும். பதிந்து முடித்ததும் கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துக் கொடுப்பார். இனி அதன்மேல் தவறிப்போய் யாரும் வேறு எதையும் பதிய முடியாது.

ஆகவே என் தொகுப்புக்கும் 90 நிமிடம், இரண்டு பக்கம். ஆல்பத்துக்கு ஒன்று என்று பங்கு பிரிக்கமாட்டேன். ஊரெல்லாம் பாடுகிறது என்பதற்காக எதையும் சேர்க்கவுமாட்டேன்.

முதல் இடம் 'மா ரேவா'வுக்கு. ரேவா என்பது நர்மதைதான். இதைப் பாடும் ராகுல் ராம், சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர், நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். பாலக்காடு மாவட்டத்தின் எங்கள் சித்தூர் தாலுகாவில் இந்தப் பாட்டை வெறும் இசையாகக் கேட்க முடிவதில்லை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வந்து சேர வேண்டும். தண்ணீர் தாமதமானால் நெல்வயல்காரர்கள் இந்தப் பக்கம் முகம் வாடுகிறார்கள். திறந்துவிட்டால் தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புக்காரர்கள் அந்தப் பக்கம் முணுமுணுக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு பக்கமும் சொந்தம் உண்டு. ஆற்றைத் தாயே என்று அழைத்துக் குரல் எழும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அடுத்து 'கந்தீசா'. 2000இல் வந்த அந்த ஆல்பத்தின் பெயரும் இதுதான். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த அரமேய மொழித் துதியை டில்லிக்காரர்கள் நால்வர் எடுத்து, பேஸ் கிடாரும் தபலாவும் சேர்த்து மெல்ல மெல்ல எழுப்புகிறார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அம்மச்சி இருந்தார். சிரியன் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவான சீரோ மலபார் சபையின் வழிபாடு 1962இல் மலையாளத்துக்கு மாறுவதற்கு முன்பே, அரமேயத்தின் ஒரு வடிவமான சுறியானியில் பாடிப் பழகியவர். ஒரு மாலை இந்தப் பாட்டு திண்ணையில் ஓடிக்கொண்டிருக்க, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. கிடார் இருக்கிறதே, இது எப்படிக் கோயில் பாட்டாகும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. பாட்டோடு சேர்ந்து பாடினார், ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல். மலையாளமும் தமிழும் கலந்து பேசும் அவர் வாயிலிருந்து அந்தப் பழைய மொழி வந்ததைக் கேட்டு நாங்கள் வாயடைத்துப் போனோம். இந்தப் பாட்டை ஏ பக்கத்தின் கடைசியில் வைத்திருக்கிறேன். இது முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போடும் அந்தச் சிறு இடைவெளி வேண்டும்.

'மா ரேவா'வும் இந்த ஆல்பத்தில் உள்ளதுதான். அதிலிருந்தே 'கஜுராஹோ', கவிஞர் கோரக் பாண்டேயின் வரிகளைப் பாடும் 'ஹில்லே லே' இரண்டும் உண்டு. ஏழு பாட்டுள்ள ஆல்பத்தில் நான்கை எடுத்தால் ஓரவஞ்சனை என்பான் தம்பி. இருக்கட்டும். அந்த நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து வாசித்த காலம் அது. சுஸ்மித் சென்னின் கிடார், அமித் கிலமின் டிரம்ஸ், ராகுல் ராமின் பேஸ், தபலாவை வாசித்துக்கொண்டே பாடும் அஷீம் சக்ரவர்த்தி. இரண்டு கையும் தாளத்தில் ஓட, குரல் அதற்குக் கட்டுப்படாமல் தன் போக்கில் நீந்துவதை வேறு யாரிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை. 1997 புத்தாண்டு நாளில் வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவு நிகழ்ச்சியில் நேரடியாகப் பதிவான 'டெசர்ட் ரெய்ன்' ஆல்பத்திலிருந்து 'போல் வீவில்' சேர்த்திருப்பதும் இதற்காகத்தான். திறந்தவெளியின் காற்று அதில் அப்படியே இருக்கிறது. கபீர் வரிகளுக்காக 'ஜீனி'யும் உண்டு.

இப்போது சண்டைக்கு வருவீர்கள்: 'பந்தே' இல்லை. 'பிளாக் ஃபிரைடே' படத்துக்காகப் பியூஷ் மிஸ்ரா எழுதிய மகத்தான பாட்டு. பலமுறை வைத்துப் பார்த்தேன். அது முடிந்தபின் படம் சொல்லும் 1993 பம்பாய்க் குண்டுவெடிப்புகளின் புகைதான் மனத்தில் நிற்கிறது. அடுத்து எது வந்தாலும் காதில் ஏறவில்லை. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

அஷீம் 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். அவர் குரலோடு 2010இல் தொடங்கி மாதம் ஒரு பாட்டாக, இலவசமாகவே வெளியிட்டார்கள், 'கஜூர் ரோடு' ஆல்பத்தை. அதிலிருந்து 'சாந்த்' எடுத்தேன். அவருக்குப் பிந்தைய காலத்தை ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. 2014இன் 'தண்டனு' ஆல்பத்தில் நம் கஞ்சிரா செல்வகணேஷும் வயலின் குமரேஷும் வந்து வாசித்திருக்கிறார்கள். தலைப்புப் பாட்டில் சங்கர் மகாதேவன் பாடுகிறார். அந்தத் தலைப்புப் பாட்டுக்கு பி பக்கத்தின் தொடக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.

2023இல் வந்த 'து ஹை' ஆல்பம் இன்னும் வாசலில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு பாட்டையாவது உள்ளே விட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் பி பக்கம் நிரம்பிவிட்டது. 'கஜுராஹோ'வில் கை வைக்கமாட்டேன். 'ஜீனி'யை எடுப்பதா, 'சாந்த்'தை எடுப்பதா என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன்; இப்போதைக்கு 'சாந்த்'தான் ஆட்டம் காண்கிறது.