நுழைவாயிலில் மண்டியிட்ட மனிதன் எதற்கு?

சென்ற சனிக்கிழமை அருங்காட்சியகத் திட்டக் கூட்டத்தில் நான் கேட்ட ஒரு கேள்விக்குக் கிளம்பிய எதிர்ப்பை நண்பர்கள் பலரும் எழுதிவிட்டதால் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அடிமை ஒழிப்பு இயக்கத்துக்காக பிரிட்டனில் நாங்கள் வாழும் ஊரில் அமையவிருக்கும் அருங்காட்சியகத்தின் முகப்பில், சங்கிலியோடு மண்டியிட்டுக் கைகூப்பும் கறுப்பின மனிதனை இரண்டு மாடி உயரத்துக்கு நிறுத்தத்தான் வேண்டுமா என்று கேட்டது அத்தனை பெரிய குற்றமா?

1787-இல் ஆங்கிலேய மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்டின் பட்டறை பதக்கமாக வெளியிட்ட உருவம் அது. சீமாட்டிகள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். இயக்கத்துக்கு அது பெரிதும் உதவியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே, கண்ணாடிப் பேழைக்குள் தாராளமாக வையுங்கள். வாசலில் வைத்தால், உள்ளே வரும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது விடுதலை கெஞ்சிப் பெறப்பட்டது என்பதைத்தான். அப்படிப் பெறப்படவில்லை.

1831 கிறிஸ்துமஸை ஒட்டி ஜமைக்காவில், சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமை முன்னின்று, கூலியில்லாமல் இனி வேலை செய்ய மாட்டோம் என்று தொடங்கிய வேலைநிறுத்தம் பல்லாயிரம் பேரின் கிளர்ச்சியாக மூண்டது. 1832 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே பிரிட்டனில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நமது திட்ட வரைவில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்குத் தனிக் கூடம். ஷார்ப்புக்கு ஒரு தூணின் பக்கவாட்டில் நான்கு வரி.

வில்பர்ஃபோர்ஸை இழிவுபடுத்துகிறேனாம். 1807-இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் வரை நாடாளுமன்றத்தில் சளைக்காமல் நின்றவர் அவர். இரண்டு கூடங்கள் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. மண்டியிட்டவனுக்குப் பதில் நிமிர்ந்து நிற்பவனை வாசலில் வைத்தால் குழந்தைகள் பயப்படுவார்கள் என்பது இன்னொரு வாதம். சங்கிலியில் மண்டியிட்டவனைப் பார்த்துப் பயப்படாத குழந்தை, நிமிர்ந்து நிற்பவனைப் பார்த்தா பயப்படும்?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மக்கள் 2020-இல் சாய்த்துத் துறைமுகத்து நீரில் தள்ளிய அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையை, மேலே அப்பிய சாயத்தைக்கூடத் துடைக்காமல், படுக்கவைத்தே காட்டுகிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர், "பள்ளிக்கூடமெல்லாம் கட்டிக் கொடுத்தவர்" என்று முணுமுணுத்தார். அவருக்கும் அங்கே நிற்க இடமிருந்தது. காட்சிப்பொருள் என்றால் அப்படி ஒரு பேச்சையாவது கிளப்ப வேண்டும்.

இங்கேயோ இழப்பீட்டுப் பதிவேடுகள் "பார்வையாளர் மனத்தை வருத்தும்" என்று கழிப்பறைக்குப் போகும் வழிக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. சட்டம் இழப்பீடாக வழங்கிய 2 கோடி பவுண்டு அடிமைகளின் உரிமையாளர்களுக்குப் போனது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை, போதாக்குறைக்குப் பெரும்பாலோர் 1838 வரை அதே எஜமானர்களிடம் "தொழில் பழகுநர்" என்ற பெயரில் உழைக்கவும் வேண்டியிருந்தது. யார் மனம் வருந்தும் என்று கவலைப்படுகிறார்களோ தெரியவில்லை.

இவ்வளவுக்கும் கிடைத்த பதில், "உங்கள் ஆட்களுக்கு இதில் என்ன?" என்பதுதான். கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் விட்டுவிட்டது என்பதும், எங்கள் தமிழ்நாட்டுப் பண்ணையடிமைகள் சட்டத்தின் கண்ணில் பட 1843 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது. விடுதலையானவர்கள் விட்டுப்போன மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்னையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களில் என் கொள்ளுப்பாட்டியின் தமையனும் ஒருவர், போனவர் திரும்பவில்லை. இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன் தீர்ந்ததே 2015-இல்தான். அதுவரை இந்த நாட்டில் நான் கட்டிய வரியிலும் அதற்கு ஒரு பங்கு போயிருக்கிறது, ஐயா.