1600 மடங்குப் பித்தலாட்டம்

மீன்தொட்டிப் பாசியை அடையாளம் காண விலை குறைந்த நுண்ணோக்கி ஒன்றைத் தேடி அலைபவரை இந்தச் சந்தை ஏய்க்கும் விதத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. விரல் நீளத்தில் ஒரு குழாய், அதன் முனையில் சில எல்இடி விளக்குகள், பின்னால் ஒரு யூஎஸ்பி வடம், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘1600 மடங்கு’! கேமராவில் பதிந்த படத்தைக் கணினித் திரையில் இழுத்து அகலமாக்கிவிட்டு, அந்த அகலத்தையும் உருப்பெருக்கக் கணக்கில் சேர்த்துக்கொள்வதை வியாபாரம் என்று எப்படி ஒப்புக்கொள்வது? மேலிருந்து வெளிச்சம் பாய்ச்சும் அந்தக் கருவியில் நாணயத்தின் தேய்மானத்தை அழகாகப் பார்க்கலாம். பாசி இழையின் உள்ளே இருப்பதைக் காண வேண்டுமானால், ஒளி கீழிருந்து ஊடுருவி வந்தாக வேண்டும்.

உண்மையில் கேட்க வேண்டிய எண் வேறு. பார்க்கும் பொருளுக்கு அருகில் இருக்கும் நல்ல பொருளருகு லென்ஸின் உடம்பில் 40/0.65 என்று பொறித்திருக்கும். முதல் எண் உருப்பெருக்க மடங்கு; இரண்டாவது எண், அந்த லென்ஸ் எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பை உள்வாங்குகிறது என்பதைச் சொல்வது. 0.65 இருந்தால், ஏறத்தாழ அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காணலாம். அந்த எண்ணின் ஆயிரம் மடங்கைத் தாண்டி, அதாவது 650-க்கு மேல், எவ்வளவு பெருக்கினாலும் மங்கல்தான் பெரிதாகுமே தவிர, புதிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாவது எண் என்ன என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, “அதைவிட நல்லதா ரெண்டாயிரம் மடங்கு இருக்கு சார், எடுக்கட்டுமா?” என்கிறார்.

இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்பவர்கள் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் வந்து பார்க்கட்டும். ஆற்றில் தண்ணீர் வந்ததும் அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் பிரியும் வாய்க்கால்களிலிருந்து செடிகளை அள்ளிவந்து தொட்டியில் நடுபவர்கள் இங்கே உண்டு. செடியோடு பாசியும், ஹைட்ரா என்ற குட்டி நீர்வாழ் உயிரியும் சேர்ந்தே வந்துவிடும். (ஹைட்ராவுக்குக் கைலென்ஸே போதும்.) 40 லென்ஸும் கண்ணருகே 10 மடங்கு லென்ஸும் சேர்ந்து 400 மடங்கு தரும் நேர்மையான கருவியில் பார்த்தால், சுருள் நாடாவாகப் பச்சையம் ஓடுவது ஸ்பைரோகைரா என்றும், கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டுக்குள் பழுப்பு நிறம் கொண்டது டயாட்டம் என்றும், பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகமே இல்லாமல் மெல்ல வழுக்கி நகரும் இழை நீலப்பச்சைப் பாசி, அதாவது உண்மையில் பாக்டீரியா என்றும் பிரித்துவிடலாம். புதுத் தொட்டியில் வரும் டயாட்டம் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்; நீலப்பச்சைக்குக் கழிவை அகற்றி நீரோட்டத்தைக் கூட்ட வேண்டும். எதுவும் தெரியாதவரோ, எல்லாவற்றுக்கும் செம்பு கலந்த ஒரே பாசிக்கொல்லியை ஊற்றி, வளர்த்த இறால்களைச் சாகடிக்கிறார்.

விற்பனைக்கு நல்ல கருவியே இல்லை என்பதும் பொய். ஹரியானாவின் அம்பாலாவில் செய்யப்படும் சாதாரண மாணவர் நுண்ணோக்கியில் 4, 10, 40 என மூன்று லென்ஸ்களும், ஒளியைக் குவிக்கும் கன்டென்சரும், அதை ஒடுக்க ஐரிஸும் இருந்தால் பாசிக்கு அது தாராளம். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸுக்கு இங்கே வேலையில்லை. நிறமற்ற இழையின் விளிம்பு ஐரிஸைச் சற்று மூடினால்தான் துலங்கும் என்பதைக்கூடச் சொல்லித்தர ஆளில்லை. அந்த 40 லென்ஸ் பாசித்துளியின் மேல் வைக்கும் 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி மூடியை நம்பி வடிவமைக்கப்பட்டது. ‘இலவச இணைப்பு’ என்று பெட்டிக்குள் வருவதோ கீறல் விழுந்த பிளாஸ்டிக் துண்டு.

இதற்கும் மேல் நம் ஊர் ஈரப்பதம். ஐப்பசி மழையில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அது மேற்பூச்சை அரித்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் தழும்பு போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள் என்று ஒரு வரி எழுதிப் போட எவருக்கும் கை வரவில்லை, ஆனால் மாற்று லென்ஸின் விலைப்பட்டியல் மட்டும் மறக்காமல் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.