வண்டி அரண் மட்டும் போதுமா?
மாட்டு வண்டிகளை வட்டமாக அரண்போல நிறுத்திவிட்டால், தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளி விவசாயிகளான போயர்களை யாராலும் அசைக்க முடியாது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் சுலு படையை வென்ற 1838 இரத்த ஆற்றுப் போரை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது. 1836 அக்டோபரில் வெக்கோப்பில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 50 வண்டிகளைப் பிணைத்து, இடுக்குகளில் முள்மரக் கிளைகளைத் திணித்து, போயர் தலைவர் பொட்கீட்டரின் குழு ந்டெபெலே என்ற ஆப்பிரிக்க இனத்தின் படையைத் தடுத்தது உண்மை. பெண்கள் துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்துக் கொடுத்தபடியே இருந்தார்கள். ஆனால் வெளியே நின்ற ஆடுமாடுகள் பறிபோயின. இழுக்க எருதில்லாத வண்டி எதற்கு ஆகும்? பரோலாங் என்ற ஆப்பிரிக்க இனத்தின் தலைவர் மொரோக்கா எருதுகளை அனுப்பிய பிறகுதான் அவர்களால் அங்கிருந்து நகரவே முடிந்தது. அவர் பெயர் கட்டுரையில் ஒரு வரியில்கூட வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1879இல் சுலுக்களிடம் பிரிட்டிஷ் படை கண்ட இசாண்ட்ல்வானா தோல்விக்கு வண்டி அரண் இல்லாததே காரணம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அரைகுறை அரணும் காக்காது: 1879 மார்ச் 12 அன்று ந்டோம்பே ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் கேப்டன் மோரியார்ட்டி ஆற்றையே ஒரு பக்கச் சுவராக நம்பி வண்டிகளை நிறுத்தியிருந்தார், வெள்ளம் வடிந்ததும் கரையோரம் இடைவெளி விழுந்தது, விடியற்காலையில் சுலு வீரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். அதே மாதம் 29ஆம் தேதி கம்புலாவில் சுலுக்களிடம் தாக்குப்பிடித்த பிரிட்டிஷ் தளபதி வூட்டின் படை, வண்டிகளை நெருக்கிச் சங்கிலியிட்டதோடு மண் அரணும் எழுப்பியிருந்தது.