தறியும் பாராசூட்டும்

விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்ணான வாலன்டினா தெரஷ்கோவா 1963 ஜூன் 16 அன்று சோவியத்தின் வோஸ்டாக்-6 விண்கலத்தில் புறப்பட்டு, ஏறத்தாழ மூன்று நாட்களில் பூமியை 48 முறை சுற்றிவந்ததை விரிவாக விளக்கும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது, அவர் ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரின் நெசவாலைத் தொழிலாளி என்பதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கோவை, திருப்பூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதுவே முதன்மையான செய்தி. விமானியல்லாத அவர் தேர்வானதற்கு, ஓய்வு நேரத்தில் பழகிய பாராசூட் குதிப்பே பெரிதும் துணைநின்றது. ஏனெனில் வோஸ்டாக்கில் சென்றவர்கள் (முதல் விண்வெளி வீரர் ககாரினும்தான்) சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியேற்றப்பட்டு, தனிப் பாராசூட்டில்தான் தரையிறங்க வேண்டியிருந்தது. விண்வெளிக்குச் சென்ற அடுத்த பெண்ணான ஸ்வெத்லானா சவிட்ஸ்காயாவை 1982 வரை, அதாவது 19 ஆண்டுகள், ஏன் காக்கவைத்தார்கள் என்பதையும் கட்டுரையாளர் ஆராய்ந்திருக்கலாம்.